முருகனுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

ஆணி

வருவாய் ஆய்வாளராக நான் பொறுப்பேற்ற அன்று, எனக்கு முன்பு அந்தப் பிர்க்காவில், அதாவது வருவாய்க் குறுவட்டத்தில், இருந்தவர் சாவிக்கொத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னார். மதுராந்தகத்துக்கு மாற்றலாகிப் போகிற அவசரம் அவருக்கு. நின்றபடியேதான் சொன்னார்.

"மேடம், கம்யூனிட்டி என்கொய்ரிக்குப் போனா ஆளு மூஞ்சியப் பாக்காதீங்க. செவுத்தப் பாருங்க. ஆணி இருந்து படம் இல்லன்னா, என்னமோ கயட்டி வெச்சிருக்கான்னு அர்த்தம்."

"கழட்டினது காந்தி படமா இருந்தா?"

"காந்திய எவன் கயட்டப் போறான்? அவர மாட்டறதே இல்லியே."

சிரித்துக்கொண்டே பஸ் பிடிக்க ஓடினார். நான் பெண் என்பதால் எனக்கு ஒரு வசதி இருந்தது. அவர் வாசலோடு நின்று எட்டிப் பார்க்க வேண்டும். என்னை அடுப்பங்கரை வரை விடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டு தாலுகாவில் கடலை ஒட்டிய பகுதி எனக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் பஸ் போகும். இன்னொரு பக்கம் அணுசக்தி டவுன்ஷிப்புக்கு ஸ்டாஃப் பஸ் போகும், எல்லா ஜன்னலிலும் தூங்குகிற தலைகளோடு. இரண்டுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு. சவுக்குக்குள் காற்று எந்நேரமும் எதையோ விசாரித்துக்கொண்டே இருக்கும்; பதில் வராது; அது விசாரிப்பதை நிறுத்தவும் செய்யாது. என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

வேலை இது. ஒருவர் சாதிச் சான்று கேட்டு மனு போடுவார். கிராம நிர்வாக அலுவலர் ஓர் அறிக்கை எழுதுவார். நான் நேரில் விசாரித்து ஓர் அறிக்கை எழுதுவேன். தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளின்மேல்தான் படிப்பு, ஸ்காலர்ஷிப், வேலை, ஒதுக்கீடு எல்லாம் நின்றது. இந்து, சீக்கியர், பௌத்தர், இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் ஒருவர் பட்டியல் சாதி. அதே ஆள் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் பட்டியலை விட்டு வெளியே. எங்கள் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர். குடிசை அதேதான். குடிசைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அதேதான். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கிடக்கிற வாய்க்கால்கூட அதே இடத்தில்தான் கிடக்கும். பட்டியல் மட்டும் மாறும்.

மெழுகுவத்தி

மாரி என்பவரின் மகள் செல்வி. ஐ.டி.ஐ. முடித்தவள். டவுன்ஷிப்பில் டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வெழுதித் தேறியிருந்தாள். எஸ்.சி. ஒதுக்கீட்டு இடம். மத்திய அரசு வேலை என்பதால் அவர்கள் படிவத்தில் தாசில்தார் சான்று வேண்டும். கொடுத்தால் வேலை. கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருக்கிறவருக்கு.

சாதாரணமாகப் போயிருக்க வேண்டிய மனு அது. பள்ளிக்கூடத்துச் சான்றில் 'இந்து ஆதிதிராவிடர்' என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு மொட்டை மனு வந்துவிட்டது: 'மேற்படியார் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பார்க்கலாம்.' மொட்டை மனு என்றால் ஸ்தல விசாரணை. நானும் வி.ஏ.ஓ.வும் போனோம்.

ஓட்டு வீடு. உள்ளே நுழைந்ததும் என் கண் தானாகச் சுவருக்குப் போனது. ஆணி இருந்தது. ஆணியில் படமும் இருந்தது. புத்தம் புதிய முருகன், கண்ணாடிமேல் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. படத்தைச் சுற்றி, படத்தைவிடப் பெரிதாக, சுவர் வெளுத்திருந்தது. நெற்றியில் பெரிய குங்குமத்தோடு மாரியின் மனைவி ராணியம்மா நின்றார். முருகனுக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

வி.ஏ.ஓ. என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, முருகனுக்கு மெழுகுவத்தியா?"

"கரண்டு போயிட்சிங்க."

ராணியம்மாவின் தலைக்கு நேர் மேலே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாரிதான் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. டவுன்ஷிப்புக்குள் காண்ட்ராக்ட் கூலியாக இருந்தவர். தோட்டம் வெட்டுவது, சாக்கடை அள்ளுவது. தினமும் கேட்டில் தற்காலிக பாஸ் வாங்கி உள்ளே போய், சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். நெஞ்சு கெட்டுப்போய் அப்போதுதான் நின்றிருந்தார்.

"வுடுடீ, மேடமுக்குக் கண்ணு இல்லியா? ஒக்காருங்க மேடம். எனக்கு சர்ச்சுல மரியதாசுன்னு பேரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு மாரின்னு எய்திக்கினாரு. ரெண்டு பேரும் நான்தான்."

"எப்ப மாறினீங்க?"

"நான் எங்க மாறினேன்? எங்க நைனா. சாமியாரு அவர நாற்காலில ஒக்கார வெச்சிப் பேசினாராம். அதுக்கு முன்ன எவனும் அவர ஒக்காருன்னு சொன்னதில்ல. அதுக்கே மாறலாமில்ல மேடம்?"

வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்தார். மாரி அதைப் பார்த்துவிட்டார்.

"எய்திக்கோ சார். இதையும் சேத்து எய்திக்கோ. சர்ச்சு கல்லறைல நடுவுல ஒரு செவுரு கீது. அந்தாண்ட ஊர்க்காரங்க. இந்தாண்ட காலனி. எம் பெரிய புள்ள இந்தாண்டதான் கீறான், ரெண்டு வயசுல போயிட்டான். எனக்கும் அவன் பக்கத்துல எடம் சொல்லி வெச்சிகீறேன்."

"யோவ், சாவப் பத்தி யாருய்யா கேட்டா?"

"கேளு சார். சர்ச்சுல நான் காலனி. டீக்கடைல நான் காலனி. டவுன்ஷிப்பு கேட்டுல நான் காலனி. உங்க ஆபீஸ்ல மட்டும் இல்லன்றீங்க. உலகத்துல ஒரு எடத்துலயாவது ஒசந்துட்டேன்னு சந்தோசப்படட்டுமா?"

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஐ.டி.ஐ. ஃபைல். அவள் நேராக என்னிடம் கேட்டாள்.

"மேடம், நான் என்னவா இருந்தா வேலை கிடைக்கும்னு சொல்லிடுங்க. அதுவாவே இருக்கேன்."

ராணியம்மா முந்தானையை ஒதுக்கிக்கொண்டு மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். புகை முருகன் முகத்துக்கு நேரே நூல்போல எழும்பி, காற்றில் கலைந்தது.

சாவு பொய் சொல்லாது

தாசில்தார் நல்லவர். இதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய நல்ல மனசிலிருந்துதான் பின்னால் நடந்தது எல்லாம் நடந்தது.

"ஏம்மா, இந்தச் சட்டத்த போட்டது நீயா நானா?" என்றார். "ஆனா ஒரு வழி கீது. தாய் மதத்துக்குத் திரும்பிட்டாங்க, சொந்த சமூகம் அவங்கள ஏத்துக்கிச்சுன்னா, குடுக்கலாம். பொண்ணு நல்லா படிச்சிருக்கு, இல்ல?"

"ஆமா சார். ஏத்துக்கிச்சுன்னு எத வெச்சு சொல்றது?"

"நல்லது கெட்டது எங்க நடக்குதுன்னு பாரு. அவங்க தெருவுல யாரோட பந்தில உக்கார்றாங்க, யாரு வந்து சடங்கு பண்றாங்க, எங்க பொதைக்கிறாங்க. கல்யாணத்துல பொய் சொல்லுவான். பேரு வெக்கறதுல பொய் சொல்லுவான். சாவு பொய் சொல்லாதும்மா."

கோப்பை மூடாமல் நிலுவையில் வைத்தோம். 'சமூக ஏற்பு குறித்து விசாரணை தொடர்கிறது' என்று நான் குறிப்பு எழுதினேன். வி.ஏ.ஓ.வும் நல்லவர்தான், உதவி செய்கிற எண்ணத்தில் காலனிக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டு வந்தார். "தாசில்தாரு எங்க பொதைக்கிறீங்கன்னு பாக்கச் சொல்லிகீறாரு. பாத்து நடந்துக்கோங்க."

அப்படிச் சொன்னபோது யாரும் சாகவில்லை. மாரி கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

காலனிச் சுடுகாடு

ஐப்பசி மழையில் அவர் இறந்தார். தலையாரி நனைந்துகொண்டே அலுவலகத்துக்கு வந்து சொன்னார். என்னைப் போகச் சொல்லி உத்தரவு ஒன்றும் இல்லை. என்னால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பந்தலில் இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தப்பு அடிக்கிறவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாரியின் நெற்றியில் யாரோ விபூதியைப் பட்டையாகப் பூசியிருந்தார்கள். இறந்தவர் முகத்தில் ஒரு வேஷம்போல இருந்தது அது. அவர் எழுந்து சிரித்துவிடுவார், சிரிப்பு இருமலில் முடியும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உபதேசியார் வந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர், காலனிக்காரர்தான். கையில் மரச் சிலுவை. அவருக்குப் பின்னால் ஜெபப் புத்தகத்தோடு சில பெண்கள். ராணியம்மா எழுந்துபோய் வேலிப் படலுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

"உபதேசியாரே, தப்பா நெனச்சிக்காதீங்க. இங்க உங்களுக்கு வேலை இல்ல."

"ராணி, இன்னா பேசற நீ? குழி வெட்டச் சொல்லிட்டேன். பெரியவன் பக்கத்துலதான்."

"மூடச் சொல்லிடுங்க."

"அவரு ஆசப்பட்டது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பொண்ணு வேலைக்குப் போவணும்னு அவரு ஆசப்பட்டதும் தெரியும்."

அவர் ராணியம்மாவைத் தாண்டிப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே குடையோடு நின்ற என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. சிலுவையை மெதுவாகத் தோளில் கிடந்த துண்டுக்குள் சுற்றினார், மழைக்கு ஒரு குழந்தையைச் சுற்றுவதுபோல.

"எனக்கும் ஒரு பொண்ணு கீதும்மா. பன்னெண்டாவது படிக்குது" என்றார். கூட வந்த பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்.

செல்வி கத்தினாள். உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எனக்கு அந்த வேலையே வேணாம்மா. அப்பாவ அண்ணங்கிட்ட கொண்டுபோலாம். கொண்டுபோலாம்மா."

"வாய மூடு."

"அப்பாவப் பொதைச்சு அதுமேல ஏறி நான் வேலைக்குப் போவணுமா?"

"போவணும்" என்றார் ராணியம்மா. "அவரு பாஸு வாங்கி பாஸு வாங்கித் திருப்பிக் குடுத்துகினே இருந்தாரு. நீ திருப்பிக் குடுக்காத பாஸு வாங்கணும். அழுவறதா இருந்தா அழு. சத்தமா பேசாத."

சங்கு ஊதினார்கள். தப்பு முழங்கியது. கோயில் கல்லறை இருக்கிற திருப்பத்தில் ஊர்வலம் இடது பக்கம் போகாமல் வலது பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் தப்பு ஒரு கணம் தடுமாறியது. அடித்தவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறவர்கள். ஏரிக்கரைக்குக் கீழே, முள் மண்டிய காலனிச் சுடுகாட்டில், தண்ணீர் ஊறிக்கொண்டிருந்த குழியில் அவரை வைத்தார்கள். ஒரு முந்நூறு அடி தள்ளி, தென்னைகளுக்கு மேல், கோயில் கோபுரத்தின் சிலுவை தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அவர்கள் கழுத்தில் தெரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ராணியம்மா கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். கால்முட்டு வரை சேறு. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"பாத்துக்கினீங்களா மேடம்?"

நான் தலையாட்டினேன்.

"நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறம் சரியாப் பாக்கலன்னு சொல்லிடாதீங்க. திரும்பச் செஞ்சு காட்ட முடியாது."

மறுநாள் அறிக்கை எழுதினேன். 'மனுதாரரின் தந்தையின் இறுதிச் சடங்கு இந்து ஆதிதிராவிடர் வழக்கப்படி, காலனி மயானத்தில், சமூகத்தார் முன்னிலையில் நடைபெற்றதை நேரில் பார்த்தேன்.' எந்தத் தணிக்கையிலும் நிற்கும் வாக்கியம். தாசில்தார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். செல்விக்கு வேலை கிடைத்தது. போட்டோ ஒட்டிய பாஸ் கிடைத்தது.

கணக்கெடுப்பு

இரண்டாயிரத்து ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்களை மேற்பார்வைக்குப் போட்டார்கள். பள்ளி ஆசிரியர்கள்தான் வீடுவீடாகப் போகிறவர்கள். அவர்களுக்கு ஓர் அதிகாரி பயிற்சி வகுப்பு நடத்தினார். மதம் எழுதும் இடத்துக்கு வந்ததும் ஓர் ஆசிரியை எழுந்தார்.

"சார், கிறிஸ்தவர்னு சொல்றாங்க. சாதி ஆதிதிராவிடர்னும் சொல்றாங்க. எப்படிப் போடறது?"

"மதத்துல கிறிஸ்தவர்னு போடுங்க. எஸ்.சி.ல போடாதீங்க."

"அப்ப அவங்க எங்க சார் போவாங்க?"

"எங்கயும் போவல. மொத்தத்துல இருப்பாங்க. இந்தக் கட்டத்துல இருக்க மாட்டாங்க. அடுத்த கேள்வி."

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தேசத்தின் கணக்கு எப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டியல் சாதியினர் இத்தனை பேர் என்று ஒரு எண் டெல்லியில் அச்சாகும். அந்த எண்ணை வைத்துத் தொகுதி ஒதுக்குவார்கள், பணம் ஒதுக்குவார்கள். அந்த எண்ணுக்குள் மாரி உண்டு, மரியதாஸ் கிடையாது. இரண்டு பேரும் ஒரே குழியில் கிடக்கிறார்கள்.

அந்த ஆசிரியைக்கு ஒதுக்கிய பகுதியில்தான் ராணியம்மாவின் வீடு வந்தது. நான் கூடப் போனேன். சுவரில் அதே முருகன். ஸ்டிக்கர் உரிக்கப்பட்டு, மாலை போடப்பட்டு, கண்ணாடி துடைக்கப்பட்டு இருந்தார். முன்னால் பித்தளை விளக்கு. திரி சரியாக இருந்தது. எண்ணெய் சரியாக இருந்தது. சுவரின் வெளுத்த சதுரம் தெரியாமல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு பிழையும் இல்லை. எனக்கு அந்த மெழுகுவத்தி வேண்டும்போல இருந்தது.

"மதம் என்னம்மா?" என்றார் ஆசிரியை.

ராணியம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னாலும் அவங்க எழுதணும். இது கணக்குக்கு மட்டும்தான். வெளிய யாருக்கும் காட்ட மாட்டாங்க. செல்வி வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"இத எடுக்கறது யாரு மேடம்?"

"அரசாங்கம்."

"அந்த சர்ட்டிபிகேட்டு குடுத்தது?"

"அரசாங்கம்."

"ஒரே ஆளுதான?" என்றார். பிறகு ஆசிரியை பக்கம் திரும்பினார். "இந்துன்னு போட்டுக்கோம்மா."

ராணியம்மா பேசிக்கொண்டே என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தார். செல்விக்குக் கல்யாணம் ஆகி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறாளாம். இவர் அங்கே போய் இருப்பதில்லை. "பக்கத்து வூட்டுல எந்தக் கோயிலுக்குப் போவீங்கன்னு கேக்கறாங்க மேடம். தூக்கத்துல ஒளறிடுவேனோன்னு பயமா கீது." மழைக் காலம் முடிந்த வெயில். கடற்கரைச் சாலையில் தார் மினுமினுத்தது. தூரத்தில் பஸ் ஒரு புள்ளியாகத் தெரிந்தபோது அவர் கேட்டார்.

"மேடம், செல்வி எப்ப ரிட்டையராவும்?"

"அறுபது வயசுல. இப்பதான வேலைக்குப் போயிருக்கா, ஏன்?"

"அது வரைக்கும் நான் சாவக் கூடாது மேடம்."

எனக்குப் புரியவில்லை. அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது, முந்தானையைத் திருகினார்.

"அதுக்கு முன்ன செத்தா எவனாவது மனு போடுவான். உங்க ஆளுங்க வந்து பாப்பாங்க. இவரு பக்கத்துல, காலனி சுடுகாட்டுலதான் வெக்கணும். அது ரிட்டையராயிட்சின்னா ஒருத்தரும் வர மாட்டாங்க இல்ல? அப்ப என்னிய பெரியவன் பக்கத்துல வெச்சிடுவாங்க. பாவம், ஒண்டியா கீறான்."

பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன்.

இப்போது புதிதாக ஆர்.ஐ. ஆகி வருகிற பிள்ளைகள், விசாரணையில் எதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆணியைப் பற்றி நான் சொல்வதில்லை. நாம் எதைப் பார்க்கப் போகிறோமோ, ஜனங்கள் அதை நமக்காகச் செய்து வைத்திருப்பார்கள் என்று சொல்கிறேன். படத்தை மாற்றுவார்கள். விளக்கை மாற்றுவார்கள். வேண்டுமானால் பிணத்தின் வழியை மாற்றுவார்கள். 'நேரில் பார்த்தேன்' என்று எழுதும்போது, நாம் பார்க்கப் போகாவிட்டால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசியுங்கள் என்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர்கள் மேசையிலும் நிலுவைக் கோப்புகள் இருக்கின்றன.

மாமல்லபுரம் பக்கம் போகிறபோதெல்லாம் ராணியம்மாவைப் பற்றி விசாரிப்பேன். இருக்கிறார். சர்க்கரை வந்துவிட்டதாம், கண்ணில் புரையாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. அந்தக் காலனியிலேயே ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிடாத ஒரே ஆள் அவர்தான் என்றாள்.